மயிலுக்கு நட்ட கொடி

மைக் என் கையில்தான் இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பள்ளியில் சுதந்திர தின விழா. பாண்டீஸ்வரிக்கு அப்போது ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. ஸ்டாண்டை எவ்வளவு இறக்கினாலும் அவள் வாய்க்கு மைக் எட்டவில்லை. அதனால் நானே அதைக் கழற்றி, குனிந்து, அவள் முகத்தருகே பிடித்துக்கொண்டிருந்தேன். அட்டையில் வரைந்து வெட்டிய மயிலை அவள் நெஞ்சோடு அணைத்திருந்தாள். ஒரு சடையில் ஆரஞ்சு ரிப்பன், மறு சடையில் பச்சை ரிப்பன். தலைக்கு வைத்த எண்ணெய் வெயிலில் உருகி நெற்றிக்கு இறங்கியிருந்தது.

சொல்லிக்கொடுத்த இரண்டு வரியையும் பிசிறில்லாமல் சொன்னாள். மயில் நமது தேசியப் பறவை, அதைத் துன்புறுத்தக் கூடாது. எல்லோரும் கை தட்டினார்கள். அதோடு அவளைப் போய் உட்காரச் சொல்லியிருக்கலாம்.

எனக்குத்தான் அது போதவில்லை. "அன்னைக்கு வகுப்புல ஒண்ணு சொன்னியே ஆத்தா, அதையும் ஐயாவுக்குச் சொல்லு" என்றேன்.

சொன்னாள். தோட்டத்தில் மயில் செத்துக் கிடந்ததையும், குழி தோண்டிப் புதைத்ததையும், புதைத்த இடத்தில் தன்னுடைய காகிதக் கொடியை நட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். முன்வரிசைப் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். அன்றைய சிறப்பு விருந்தினர் வனத்துறையில் ஒரு பொறுப்பில் இருந்தவர். மரக்கன்று நடுவதற்காக அழைத்திருந்தோம். அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, அன்பாகத்தான் கேட்டார்.

"மயில் எப்படிம்மா செத்துச்சு?"

பாண்டீஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் குரல் இறங்கிவிட்டதால் மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனேன்.

"எங்கப்பா சோளத்துல மருந்து கலந்து வச்சாக. வெதச்ச கடலைய எல்லாம் தோண்டித் தின்னுருச்சு. மூணு மயிலு. அப்பா அழுதாக."

வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி அதை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

தள்ளிப்போட்ட கதை

இந்தத் தொடரை எழுதத் தொடங்கி நாலைந்து மாதம் ஆகிறது. சத்துணவுக் கூடத்துக்குள் சாரைப்பாம்பு புகுந்ததை எழுதினேன். ஆய்வுக்கு வந்த அதிகாரியின் செருப்பை ஒன்றாம் வகுப்புப் பொடியன் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனதை எழுதினேன். யோசித்துப் பார்த்தால் எல்லாமே நான் கெட்டிக்காரியாகத் தெரிகிற கதைகள். யாருக்குத்தான் ஆசை இருக்காது.

போடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் சென்ற மாதம் கடிதம் எழுதியிருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குக் கொடியும் தேசிய கீதமும் சொல்லிக்கொடுத்த டீச்சர், ஒரு சுதந்திர தினத்தைப் பற்றிக்கூட எழுதவில்லையே என்று கேட்டிருந்தார். மனிதர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

சரி, எழுதிவிடலாம். ஆனால் அதற்கு முன்னால் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நேராக விஷயத்துக்கு வர எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதாவுக்கு ஏற்றிய கொடி

எங்கள் ஊர் கிறிஸ்தவ ஊர். பழைய மிஷன் காலத்தில் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பங்கள். ஆகஸ்ட் பதினைந்து எங்களுக்கு இரட்டைத் திருநாள். மாதா பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட நாளும் அதுதான். காலைப் பூசை முடிந்த கையோடு சாமியார் அங்கியைக்கூடக் கழற்றாமல் முற்றத்துக்கு வந்து கொடி ஏற்றுவார். பிள்ளைகளுக்குக் கோயிலில் ஒரு முட்டாய், பள்ளிக்கூடத்தில் ஒரு முட்டாய்.

அதனால் எனக்குள் ஒரு குழப்பம். கொடியை மாதாவுக்காகத்தான் ஏற்றுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். மாதா மேலே போகிறாள், கொடியும் மேலே போகிறது, பூ கொட்டுகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இதில் சந்தேகம் வர ஒன்றுமில்லை. ஒன்றாம் வகுப்பில், கொடி அவிழ்ந்து செவ்வந்திப் பூ கொட்டியதும், பள்ளிக்கூட மைதானத்தில் நான் மட்டும் மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டேன். சுற்றி நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

எங்கள் வகுப்பு சிஸ்டர் விறுவிறுவென்று வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு முள் எடுப்பதுபோல் நகத்தால் கிள்ளினார். என் காலில் முள்ளே இல்லை. பார்த்தவர்கள், பிள்ளை முள் குத்தித்தான் கீழே உட்கார்ந்தாள் என்று நினைத்துக்கொண்டார்கள். சிரிப்பு நின்றது. அந்தக் கொடி யாருடையது என்பதை மறுநாள் தனியாகக் கூப்பிட்டு வைத்துத்தான் சொன்னார்.

அந்த சிஸ்டரிடம் ஐந்து வருஷம் படித்தேன். எனக்குக் கையெழுத்து வந்தது, வாய்ப்பாடு வந்தது. இல்லாத முள்ளை எடுக்கிற அந்த வித்தை மட்டும் வரவில்லை.

சுருக்கு முடிச்சு

நான் வேலை பார்த்த பள்ளி கோம்பைப் பக்கம், மலையடிவாரத்தில் இருந்தது. அங்கே கொடியைப் பூ வைத்து மடித்துக் கட்டத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். எங்கள் தலைமையாசிரியர் கணக்கில் புலி, கயிற்றைக் கண்டால் எலி. முடிச்சு இறுகலாக விழுந்துவிட்டால், கீழே நின்று விருந்தினர் எவ்வளவு சுண்டினாலும் கொடி அவிழாது. தளர்வாக விழுந்தால் பாதி உயரம் போவதற்குள்ளேயே பூ கொட்டிவிடும். நான் கட்டிய கொடி ஒரு வருஷம்கூட மானத்தை வாங்கியதில்லை.

சின்னப் பிள்ளைகளுக்குக் கொடியைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் வந்து ஒன்றாம் வகுப்பில் நின்று பார்க்கட்டும். காவி மேலேயா கீழேயா என்பதற்கே ஒரு வாரம் ஆகும். நடுவில் இருக்கிற சக்கரத்தை ஒரு பயல் சைக்கிள் சக்கரமாக வரைந்து, காற்றடிக்கிற வால்வையும் விடாமல் சேர்த்திருந்தான். சிங்க முத்திரையைக் காட்டி நாலு சிங்கம் என்றால், மூன்றுதானே தெரிகிறது, நாலாவது எங்கே என்று அழுகிற பிள்ளை ஒன்று எல்லா வருஷமும் இருக்கும்.

அந்தச் சிங்கங்களுக்குக் கீழே எழுதியிருப்பதற்கு உண்மைதான் ஜெயிக்கும் என்று அர்த்தம் சொல்வேன். ஆகவே யார் கேட்டாலும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும், பயப்படக் கூடாது என்பேன். வாய்ப்பாடு மாதிரித் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பேன்.

கொடிக்கான விதிகளும் அப்படித்தான். கொடி தரையில் படக் கூடாது. நட்ட கொடியைப் பிடுங்கிக் கீழே போடக் கூடாது. கிழிந்துபோனாலும் குப்பையில் எறியாமல், மரியாதையாக அடக்கம் செய்ய வேண்டும். இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. பாண்டீஸ்வரி.

"தேசியப் பறவை செத்துப்போச்சுன்னா, டீச்சர்?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்கிற பழக்கமும் எனக்குக் கிடையாது. அதற்கும் அதே மரியாதைதான், குழி தோண்டிப் புதைத்துக் கொடி வைக்க வேண்டும் என்று அடித்துவிட்டேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த வாரம் வகுப்பை அலங்கரிக்க வாங்கிய காகிதக் கொடிகளில் மிஞ்சியதை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தேன்.

கடலை விதைத்த தோட்டம்

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் பக்கம் மயிலைக் காலண்டரில்தான் பார்க்க முடியும். இப்போது கம்பம் பள்ளத்தாக்கில் மயில் வராத தோட்டம் இல்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். விதை போட்டவன் வயிறு எரிகிறது. விதைத்த மறுநாள் விடிவதற்குள் மயில் வந்து பாத்தி பாத்தியாகச் சீய்த்துப் பருப்பைப் பொறுக்கிவிடும்.

பாண்டீஸ்வரியின் அப்பா முருகேசனுக்கு மலையோரம் கொஞ்சம் மானாவாரி நிலம். மகளைப் பள்ளியில் சேர்க்க வந்த அன்று தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. அதனாலோ என்னவோ டீச்சர் சொன்னது என்றால் அந்த வீட்டில் அதற்கு மறுபேச்சுக் கிடையாது. சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று நான் வகுப்பில் சொன்னதற்காக, வீட்டில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கை கழுவ வைத்தாராம். அவருடைய மனைவி ராசாத்தி சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அந்த வருஷம் ஆடியில் மழை முன்கூட்டியே விழுந்தது. முருகேசன் கடலை விதைத்தார். மயில் தோண்டியது. பழைய சேலைகளைக் கட்டிப் பார்த்தார், தகரம் தட்டினார், வெடி போட்டார். மறுபடியும் விதைத்தார். அதையும் தோண்டிவிட்டது. மூன்றாவது தடவைக்கு வீட்டில் விதை இல்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

எனக்குத் தெரிந்ததெல்லாம், சுதந்திர தினத்துக்கு நாலு நாள் முன்னால் பாண்டீஸ்வரி வகுப்பில் எழுந்து நின்று, மயிலைப் புதைத்துக் கொடி நட்டேன் டீச்சர் என்று சொன்னது மட்டும்தான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்தே காட்டியிருக்கிறது. மயில் எப்படிச் செத்தது என்று கேட்கத் தோன்றவில்லை. கோம்பைப் பக்கம் நாய்க்குப் பஞ்சமா, ஏதாவது கடித்திருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மேடையில் இதைச் சொல்ல வைத்தால் எப்படி இருக்கும் என்பதில்தான் என் புத்தி போனது.

அடையாளம்

அவள் சொல்லி முடித்ததும் நான் மைக்கை எடுத்தேன். எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்காமல், எல்லாம் முடிந்த பிறகு எடுத்தேன். விருந்தினர் பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டு ஒரு பேனாவைப் பரிசாகக் கொடுத்தார். மரக்கன்றை நட்டார். டீ குடிக்காமல் கிளம்பிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஊரே கேட்ட ஒன்றை அவர் மட்டும் கேட்காததுபோல் இருக்க வழியில்லை.

மறுநாள் காலையில் தோட்டத்துக்கு வனத்துறை ஆட்கள் வந்தார்கள். அவர்கள் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பாத்தி ஓரத்தில் ஒரு மண்மேடு, அதன் மேல் சின்னக் காகிதக் கொடி, தூறலில் பச்சைச் சாயம் வழிந்து கம்பி வரைக்கும் இறங்கியிருந்தது. கொடி நட்ட இடத்தில் தோண்டினார்கள். மூன்றும் அங்கேதான் இருந்தன. பெயரைக் கேட்டபோது முருகேசன் என்றிருக்கிறார். முருகன் பேரை வைத்துக்கொண்டு மயிலையா கொன்றாய் என்று ஒருவர் கேட்டாராம். இது எங்கள் தலைமையாசிரியர் சொன்னது.

முருகேசன் செய்தது குற்றம்தான், அதை நான் மறைக்கவில்லை. மருந்து தின்ற மயில் எப்படிச் சாகும் என்று எனக்குத் தெரியும். சட்டம் அவரைப் பிடித்ததில் எனக்கு வழக்கு இல்லை. அவருடைய பிள்ளையின் வாயைத் திறந்து, அதற்குக் கிட்டே மைக்கைப் பிடித்து அவரைப் பிடிக்க வைத்தேனே, அதுதான் இத்தனை வருஷமாக என்னை அறுக்கிறது.

கோயில் வாசலில்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தேன். கேட்டுக்கு வெளியே வெயிலில் ராசாத்தி நின்றுகொண்டிருந்தாள். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் பூசை முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றிருக்கிறாள். முருகேசனை உள்ளே வைத்து நாலைந்து நாள் ஆகியிருந்தது.

"பிள்ளை கதை கட்டிச் சொல்லுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர். நீங்கதான் எழுதிக் குடுத்தீகன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா எடுபடும்னு வக்கீலய்யா சொன்னாக."

என் கையில் செபப் புத்தகம் இருந்தது. சற்று முன்தான் நற்கருணை வாங்கியிருந்தேன். நான் நிமிர்ந்து நின்றுகொண்டு, பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுத்த வாயால் நான் எப்படிப் பொய் சொல்வது என்று கேட்டேன். அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.

நான் அப்படிச் சொல்லியிருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது, மயில்களைத்தான் தோண்டி எடுத்துவிட்டார்களே என்று பிறகு விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டு பல வருஷம் ஓட்டினேன். ஆனால் நான் மறுத்தது உண்மைக்காக அல்ல. எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம். பதவி உயர்வுப் பட்டியலில் அந்த வருஷம் என் பெயர் இருந்தது. உண்மை அன்றைக்கு எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் என்னிடம் எழுத்துமூலமாக விளக்கம் கேட்டார். மேலே இருந்து கேட்கிறார்கள் என்றார். ஒரு பக்கம் எழுதினேன். என் கையெழுத்தைப் பற்றி எனக்கு எப்போதும் பெருமை. அன்றும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். கடைசி வரி, இம்மாணவி பொய் பேசும் பழக்கம் இல்லாதவள் என்பது. அதைப் பிள்ளைக்குச் செய்த பாராட்டாக நினைத்துத்தான் எழுதினேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. நானே முழுதாக நம்பவில்லை.

முருகேசன் சில வாரங்கள் கழித்து ஜாமீனில் வந்தார். அதன் பிறகு வாய்தா வாய்தாவாக நடந்தார். நிலம் தரிசாகக் கிடந்தது. புருஷனும் பெண்டாட்டியும் மலை ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போனார்கள்.

பாண்டீஸ்வரி அதற்குப் பிறகும் சில மாதம் என் வகுப்பில் இருந்தாள். பிள்ளைகள் அவளை மயிலு, மயிலு என்று கூப்பிட்டார்கள். நான் அவர்களைத் திட்டினேன். திட்டத் திட்ட அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கேள்வி கேட்டால் அவள் எழுந்து நிற்பாள். பதில் அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். உதடு அசையும், சத்தம் வராது. ஒரு நாள் அவளுடைய தாய்மாமா வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கி, அவளைக் கடமலைக்குண்டுக்குக் கூட்டிப்போனார். அந்தப் பேனா அவள் மேசையிலேயே கிடந்தது.

போன் வந்தது

ஓய்வு பெற்றுச் சில வருஷம் ஆகிவிட்டது. போன வருஷம், ஜூலை முடிகிற சமயம், தெரியாத எண்ணிலிருந்து ஒரு போன் வந்தது.

"டீச்சர், நான் பாண்டீஸ்வரி. ரெண்டாங் கிளாசு. மயிலு."

தன்னை அடையாளம் சொல்ல அந்தப் பெயரையே அவள் வைத்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கடமலைக்குண்டுப் பக்கம் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் அவள் யுகேஜி டீச்சராக இருக்கிறாளாம். கொடி கட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று பள்ளியில் கேட்டிருக்கிறார்கள், அவள் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். நீங்களே ஏற்றியும் வைக்கணும் டீச்சர், வருவீகளா என்று கேட்டாள்.

வேண்டாம் என்று சொல்ல ஆயிரம் காரணம் இருந்தது. மாதா திருநாள், பூசை, முழங்கால் வலி. வருகிறேன் என்றேன். அந்த வருஷம்தான் முதல்முறையாகத் திருநாள் பூசையைத் தவறவிட்டேன்.

தேனியில் பஸ் மாறிப் போய் இறங்கினேன். பருத்திச் சேலையில் நெடுநெடுவென்று ஒரு பெண் வந்து என் பையை வாங்கிக்கொண்டாள். சிரித்தாள். பள்ளியில் ஒரு பெஞ்சில் கொடி தேய்த்து வைக்கப்பட்டிருந்தது, பக்கத்தில் தட்டு நிறையச் செவ்வந்தி. நான் கொடியை மடிக்க, அவள் பூவை இதழ் இதழாக உதிர்த்தாள்.

அப்பாவைப் பற்றிக் கேட்டேன். இருக்காக டீச்சர், மேலே தோட்டத்துலதான் என்றாள். வழக்கு எப்போதோ முடிந்துவிட்டதாம். அம்மா சுகம். கடைசியில், பல வருஷமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"தப்பு என்னோடதுதான் ஆத்தா."

அவள் கையிலிருந்த பூவை உதிர்த்து முடித்தாள்.

"மைக்குல சொன்ன அன்னைக்குச் சாயந்தரமே அப்பா அந்தக் கொடியப் பிடுங்கப் போனாக டீச்சர். நான்தான் விடல. நட்ட கொடியப் பிடுங்கக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாகன்னு அழுதேன். டீச்சரா சொன்னாகன்னு கேட்டாக. ஆமான்னேன். சரின்னு அப்படியே விட்டுட்டாக."

போட்டிருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டேன். அத்தனை வருஷமும் அவர் மறந்துபோய் விட்டுவிட்டார் என்றே நினைத்திருந்தேன். அவர் மறக்கவில்லை. நான் சொன்னேன் என்பதற்காக, தன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிற அடையாளத்தைத் தன் நிலத்தில் விட்டுவைத்திருக்கிறார்.

"ரொம்ப நாளா நான்தான் அப்பாவ மாட்டிவிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள் பாண்டீஸ்வரி. "இப்ப நானும் பிள்ளைகளுக்கு மைக் பிடிக்கிறேன்ல டீச்சர். இப்பத் தெரியுது."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நான் முடிச்சை மறுபடியும் முதலிலிருந்து போட்டேன்.

எட்டாத மைக்

கொடி ஒரே சுண்டில் அவிழ்ந்தது. பூ என் தலையிலும் விழுந்தது. பிள்ளைகள் தேசிய கீதத்தைப் பாதி பாடி, பாதி கத்தினார்கள். பிறகு ஒவ்வொருவராக அட்டையோடு வந்தார்கள். புலி வந்தது, தாமரை வந்தது, ஆலமரம் வருகிற வழியில் அழுதுவிட்டது. பாண்டீஸ்வரி மைக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

கடைசியில் மயில் வந்தது. ஐந்து வயதுப் பொடிசு, முன்பல் இரண்டும் இல்லை. இரண்டு வரியைச் சொல்லிவிட்டு என் முன்னால் வந்து முட்டாய்க்குக் கை நீட்டினான். பாண்டீஸ்வரி மைக்கோடு கூடவே வந்திருந்தாள். நான் முட்டாயைக் கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். பழகிய வாய் சும்மா இருக்குமா.

"நீ மயிலைப் பார்த்திருக்கியா? எங்கன பார்த்த?"

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் பாண்டீஸ்வரியின் கை மைக்கோடு அவன் முகத்தை விட்டு விலகித் தன் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. சுவிட்சை அணைத்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. மறு கையால் அவனுடைய ஷூ வாரைப் பிடித்துச் சரிசெய்ய ஆரம்பித்தாள். அந்த வார் சரியாகத்தான் இருந்தது.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

பொடியனுக்கு மைக் போனது தெரியவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. எக்கி என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஆரஞ்சு முட்டாய் வாசனையோடு, என் காதில் சொன்னான்.

அவன் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை.